பேச்சி வகையறா

என் ஐயாவுக்கு,

உன் இன்லேண்டு கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே ராஜபாளையம் வந்துவிடுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். மடிப்புக்குள்ளே கடைசி நாலு வரியைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. "பெரியப்பா சொல்கிறபடியே பத்திரிகை அடித்துவிடுங்கள் அம்மா. வீம்பு வேண்டாம். ஒரு பெயர்தானே" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பெயருக்குத்தான் இவ்வளவு நீளப் பதில். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டினவள் நான், ஒற்றை வரியில் பதில் எழுத எனக்கு வராது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கார்பன் வைத்து மூன்று பிரதியாக எழுதுகிறேன். முதல் பிரதி உனக்கு. இரண்டாவது உன் பெரியப்பாவுக்கு. மூன்றாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குப் பெண் கொடுக்கிற பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு. யார் முதுகுக்குப் பின்னாலும் நான் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதை எடுத்துப் பார்த்தாலும் பிள்ளையார் படத்துக்குக் கீழே "சுந்தரபாண்டியம் வீரபத்திரன் வகையறா" என்று ஒரு வரி இருக்கும். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற வம்சாவளியிலும் உச்சியில் அதே வீரபத்திரன்தான். ஜமீன் குதிரைப்படையில் இருந்தாராம், அந்த வீரத்துக்கு மெச்சி நிலம் கொடுத்தார்களாம். அவருக்குக் கீழே உன் கொள்ளுத்தாத்தா சங்கிலி, பிறகு தாத்தா, பிறகு பெரியப்பா, உன் அப்பா, அத்தை, கடைசியில் நீ. வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதல் நாள் முன்னோர்களுக்குத் துணி வைத்துப் படைப்போம் இல்லையா, அதில் முதல் வேட்டியும் துண்டும் வீரபத்திரனுக்குத்தான். நானும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேட்டிக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டவள்தான். உன் பத்திரிகையில் அந்த வரியை எடுத்துவிட்டு "பேச்சி வகையறா" என்று போடும்படி பிரஸ்சில் எழுதிக் கொடுத்தேன். புரூஃப் வந்த நாளிலிருந்து நம் வீட்டில் சண்டை ஓயவில்லை.

பேச்சி யார் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அது என் தப்பு, அதை ஒத்துக்கொள்ளத்தான் போகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலையைச் சர்க்கார் எடுத்துவிட்டது. நீ அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் கணக்குப்பிள்ளைமார் வீட்டுப் பரணிலும் பழைய நெல்லுப் பெட்டியிலும் கிடந்த ஊர்ப் புத்தகங்கள் எல்லாம் சாக்குச் சாக்காக ஆபீசில் வந்து இறங்கின. எந்த ஆபீஸ் என்று எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். ரிக்கார்டு அறை என் பொறுப்பு. கரையான் அரித்தது, எலி கடித்தது, மழையில் ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் ஊர் ஊராகப் பிரித்துக் கட்டு கட்டி, ஊர்ப் பெயர் எழுதின சீட்டைத் தொங்கவிட்டு ராக்கில் ஏற்ற வேண்டும். தும்மித் தும்மி மூக்கு வெந்துபோகும். சுந்தரபாண்டியம் சாக்கைப் பிரித்தபோது, வாக்கப்பட்ட ஊராயிற்றே என்கிற ஆசையில் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிறப்புப் புத்தகத்தில், பெயரும் வருஷமும் ஒத்துப்போக, உன் கொள்ளுத்தாத்தா சங்கிலி அகப்பட்டார். தாய் பெயர் பேச்சி. தகப்பன் பெயர்க் கட்டத்தில் "தாய் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தது. ஜாதிக் கட்டத்தில் வெறும் கோடு.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்தக் காலத்தில் பொம்பளை புருஷன் பெயரை வாயால் சொல்லியிருக்கிறாள்? நானே ரேஷன் கடையில் உன் அப்பா பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டினவள்தானே. பேச்சியும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அதே பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் தகப்பன் பெயர் இருந்தது. தாய்மார் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமியார் சொல்லியிருப்பாள், கொழுந்தன் சொல்லியிருப்பான், பக்கத்து வீட்டுக்காரனாவது சொல்லியிருப்பான். பேச்சிக்கு மட்டும் சொல்ல ஒரு ஆள் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மில்லில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "ஏட்டி, இத வேற யாரும் பாத்தாகளா?" என்றார். இல்லை என்றேன். "தங்கச்சிக்கு நாள் குறிச்சாச்சு. மாப்பிள்ள வீட்டுல ஒருத்தர் ஒங்க ஆபீசுலதான சர்வேயரு. அவரு கண்ணுல பட்டா என்ன ஆகும்? உன்னக் கும்பிட்டுக் கேக்கேன்" என்றார். என்னிடம் எதையும் கும்பிட்டுக் கேட்கிற மனுஷர் இல்லை அவர். நல்லவர், ஆனால் பயந்தவர். மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கட்டில் தொங்கின சுந்தரபாண்டியம் சீட்டை அறுத்துவிட்டு வேறொரு ஊர்ச் சீட்டைக் கட்டினேன். ஏணி போட்டு ஏறி, மேல் ராக்கில் பின் வரிசையில் தள்ளினேன். காகிதத்தைக் கிழிக்கவில்லை, ஒரு எழுத்தை அழிக்கவில்லை. ஆனால் ரிக்கார்டு அறையில் சீட்டு மாறினால் அந்தக் கட்டு செத்ததற்குச் சமம். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஆபீசில் யாரும் இல்லை. அத்தை கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷத்தில் உன் அப்பா போய்விட்டார். உன் படிப்பு, உன் மிலிட்டரி செலக்‌ஷன் என்று நானும் பேச்சியை மறந்த மாதிரி இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் சுந்தரபாண்டியத்திலிருந்து சீனியம்மாள் என்று ஒரு பொம்பளை மனு எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய பிறப்பு நகல் வேண்டுமாம். தகப்பன் செத்த பிறகு தம்பி, இவள் எங்கள் அக்காவே இல்லை, எங்கள் அப்பா எடுத்து வளர்த்தவள் என்று சொல்லி நிலத்தில் பங்கு தர மாட்டேன் என்கிறானாம். நான் மறைத்து வைத்த கட்டில் ஒரு புத்தகம் மட்டும் இல்லை ஐயா, பல வருஷத்துப் புத்தகங்கள் சேர்ந்து கிடந்தன. சீனியம்மாளின் வருஷமும் அதில்தான். ஏணியில் ஏறினால் எடுத்துவிடலாம். எடுத்தால் இத்தனை வருஷம் ஏன் அங்கே இருந்தது என்று கேள்வி வரும், சஸ்பெண்டு வரும், நீ அப்போதுதான் டிரெய்னிங்கில் இருந்தாய். "ரிக்கார்டு கிடைக்கவில்லை" என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது தடவை வராந்தாவில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, "வாரேன் தாயி" என்று என்னிடமே சொல்லிக்கொண்டு போனாள். வெட்கம் கெட்ட வேலை செய்தேன். இதைப் படிக்கிற யாரும் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

போன வருஷம் ரிட்டயர் ஆவதற்குப் பத்து நாள் முன்னால், முழங்கால் வலியோடு ஏணியில் ஏறிக் கட்டை இறக்கினேன். சரியான சீட்டைக் கட்டினேன். கட்டு இடம் மாறிக் கிடந்தது, மாற்றினவள் நான்தான் என்று ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பிறகு மற்ற ஜனங்களைப் போல மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, சங்கிலியின் பிறப்பு நகலை வாங்கினேன். புதிதாக வந்த கிளார்க் பெண், "யாருக்குக்கா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு என்றேன். சீனியம்மாளின் நகலையும் வாங்கிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்கு பஸ் ஏறினேன்.

கண்டுபிடிக்க நேரமாயிற்று. தம்பி நிலத்தை எழுதி விற்றுவிட்டான், இவள் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். களத்துமேட்டில் வைத்துத்தான் பார்த்தேன். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நகலை வாங்கி, எழுத்துத் தெரியாததால் என்னையே படிக்கச் சொன்னாள். அவள் தகப்பன் பெயரைப் படித்ததும் இன்னொரு தடவை படி என்றாள். அப்புறம் சொன்னாள்: "நீ அன்னைக்கே குடுத்திருந்தாலும் அந்தப் பய பங்கு தந்திருப்பானோ என்னமோ. ஆனா ஊரு பூரா என்னைய எடுத்து வளத்த பிள்ளன்னு சொல்லிச்சு. பொறவு எனக்கே அப்படித்தானோன்னு தோண ஆரம்பிச்சிட்டு. அதுதான் தாயி நீ செஞ்சது." நான் அங்கேயே அழுதுவிட்டேன். திரும்பி வருகிற பஸ்சில்தான் உன் பத்திரிகையில் பேச்சி பெயரைப் போடுவது என்று முடிவு செய்தேன்.

இனி பெரியப்பா வீட்டில் நடந்தது. அவர் உனக்கு ஒரு மாதிரி எழுதியிருப்பார், நடந்தது இதுதான். புரூஃபை டீப்பாய் மேல் விசிறி எறிந்துவிட்டு, "ஏம்மா, நீ படிச்சவ. புருஷன் பேர எந்தப் பொம்பள சொல்லுவா? வெக்கத்துல சொல்லாம விட்டிருப்பா. அத வச்சுக்கிட்டு நம்ம தாத்தாவுக்கு அப்பன் இல்லன்னு ஊர் பூரா தமுக்கு அடிப்பியா?" என்றார். சொல்ல ஆள் இல்லாததை நான் எடுத்துச் சொன்னேன். உடனே உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து நம் நிலத்து மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். நாற்பது வருஷமாகப் பட்டுத் துணியில் சுற்றி வைத்துக் கும்பிடுகிற பத்திரம். "இந்தா பாரு, அடியில வீரபத்திரன்னு கையெழுத்து. இதுக்கு மேல என்ன ரிக்கார்டு வேணும் ஒனக்கு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து மட்டும்தான் தெளிவு, மற்றதெல்லாம் பழைய கூட்டெழுத்து, பெரியப்பாவால் படிக்க முடியாது, அந்த வீட்டில் யாராலும் முடியாது. எனக்கு அதுதானே முப்பது வருஷமாகப் பிழைப்பு. சத்தம் போட்டு வாசித்தேன். வீரபத்திரன் என்கிறவர் தன் நிலத்தைச் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் பேச்சிக்கு விற்று, கிரயம் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்த பத்திரம் அது. பேச்சியின் ஜீவனம் என்ன என்பதையும் எழுதியிருந்தார்கள், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் புல்லறுத்து விற்பது. "அத்தான், கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடுதது யாரு? விக்கவன்தான. வாங்குதவ போடணும்னு அவசியம் இல்லல்லா" என்றேன். அந்தக் காகிதத்தில் அவர்களால் படிக்க முடிந்த ஒரே பெயர் அவனுடையது என்பதற்காக அவனைத் தகப்பனாக்கி, குதிரையில் ஏற்றி, சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். புல்லுக்கட்டுச் சுமந்து நிலம் வாங்கினவளுக்கு ஒரு முழத் துணி கிடையாது, விற்றுவிட்டுப் போனவனுக்கு வருஷா வருஷம் வேட்டி துண்டு.

பெரியப்பா பத்திரத்தை வாங்கித் திரும்பவும் பட்டுத் துணியில் சுற்றினார். பிறகு அவராகவே சொன்னார்: "எங்க தாத்தா சாகக் கிடக்கையில சொன்னாரு. எங்கம்மாவுக்கு ஒரு சேல வச்சுக் கும்பிடுங்கலேன்னாரு. எனக்கு அப்ப பத்துப் பன்னெண்டு வயசு. எங்கப்பாதான் வைக்க விடல." தெரியாமல் செய்தார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலிக்குத் தன் தாயைச் சொல்ல வெட்கம் இருக்கவில்லை ஐயா, அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் வெட்கம். பெரியப்பா சமாதானமாகத்தான் பேசினார். "வீட்டுக்குள்ள ஒரு சேல வச்சுக் கும்பிட்டுக்கிடுவோம்மா. நானே எடுத்துத் தாரேன். பத்திரிகையில மட்டும் வேண்டாம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்குள்ளே கும்பிட்டு வெளியே மறைக்கிற வேலையைத்தான் நான் பத்து வருஷத்துக்கு மேல் செய்தேன், அதன் பலனைச் சீனியம்மாளிடம் பார்த்துவிட்டேன்.

விஷயம் காதில் விழுந்து ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சம்பந்தியம்மா, எங்க ஆளுக கேக்காக. அந்த அம்மா எந்த வகை, எந்தப் பக்கம்னு" என்றார். ரிக்கார்டில் ஜாதிக் கட்டத்தில் கோடு போட்டிருக்கிறது என்றேன். "கோடுன்னா?" என்றார். "கோடுன்னா கோடுதான் அண்ணாச்சி. அதுக்கு மேல எழுத எனக்கு அதிகாரம் இல்ல" என்றேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அந்தப் பேரோட பத்திரிகை எங்க தெருவுக்குள்ள வந்தா நான் தல நிமிந்து கடையில உக்கார முடியாது. கல்யாணத்தப் பத்தியே யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். "யோசிங்க" என்றேன். காப்பியை முழுசாகக் குடிக்காமலே எழுந்து போனார். உன் கல்யாணம் என்னால் நின்றுவிடுமோ என்கிற பயம் எனக்கு இல்லாமல் இல்லை. பயத்தோடேயே சொல்கிறேன், அந்தப் பெயரை எடுக்க மாட்டேன்.

வீம்பு என்று எழுதினாயே, வீம்புதான். உனக்குப் பதினாறு வயசானதிலிருந்து உன்னைத் தனியாளாக வளர்த்தேனே, அதுவும் வீம்பில்தான். ஆனால் எனக்குத் தாலி கட்டின ஒருத்தர் இருந்தார், சொல்ல ஒரு பெயர் இருந்தது, மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. அவளுக்கு இதில் எது இருந்தது? மலையடிவாரத்தில் அறுத்த புல்லைத் தலையில் வைத்து ஊருக்கு நடந்திருக்கிறாள், இடுப்பில் பிள்ளை. பிறப்பு எழுதுகிற கிராம முன்சீப் கேட்டபோது ஒரு பொய்ப் பெயரைச் சொல்லியிருக்கலாம், செத்துப்போனவன் எவன் பெயரையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிக் கதை கட்டவும் மாட்டேன். குதிரைப்படைக் கதை கட்டின குடும்பத்தில் இன்னொரு கதை வேண்டாம். ரிக்கார்டில் இருப்பது இவ்வளவுதான்: பிள்ளை பெற்றாள், புல் விற்றாள், நிலம் வாங்கினாள். அந்த நிலத்து நெல்லைத்தான் உன் தாத்தா தின்று வளர்ந்தார். நீ போட்டிருக்கிற யூனிபாரத்துக்குள்ளே இருக்கிற உடம்பு அவளிடமிருந்து வந்தது. அதை வெளியில் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால், எனக்கு உன்னை நினைத்து வெட்கமாக இருக்கும். இதைவிடக் கடுமையாக உன்னிடம் நான் பேசினதே இல்லை, பேசவும் ஆசையில்லை.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். அண்ணாச்சியின் மகள் உனக்கு லெட்டர் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும், தபால்காரர் என் பழைய சிநேகிதர். பேச்சி பெயரைப் போடலாமா என்று பெரியப்பாவிடமும் அண்ணாச்சியிடமும் கேட்கிற கேள்வியை அவளிடம் கேள். உன் பிள்ளையைச் சுமக்கப் போகிறவள் அவள்தான், அண்ணாச்சி இல்லை. என்னைப் போல, நல்ல காரியம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. ஒரு காரியம் முடிந்தால் இன்னொரு நல்ல காரியம் வந்து நிற்கும். சொல்லுகிறதற்கு என்று நல்ல நாள் வரவே வராது, நான் பார்த்துவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. பிரஸ்காரர் வருகிற புதனுக்கு அடுத்த புதன்கிழமை வரைக்கும் காத்திருப்பார். உனக்குச் சம்மதம் என்றால் தந்தி கொடு, நான் கேட்டபடியே அச்சாகும். சம்மதம் இல்லை என்றால் அதையும் தந்தியில் சொல், பெரியப்பா தன் பெயரில் வேறு பத்திரிகை அடித்து நடத்திவைக்கத் தயாராக இருக்கிறார், வீரபத்திரன் வகையறா என்றே போட்டுக்கொள்ளட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன். தாலியறுத்தவள் பின்னால் நிற்கட்டும் என்று யாராவது சொன்னாலும் முன்வரிசையில்தான் உட்காருவேன், அட்சதை போடுவேன், பந்தியில் உனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆனால் ஒரு தாயை மறைக்கிற அந்தப் பத்திரிகையில் என் பெயர் வரக் கூடாது. உன்னைப் பெற்றவள் என்றோ, உன்னை வளர்த்தவள் என்றோ ஒரு எழுத்து இருக்கக் கூடாது. பத்திரிகை வாங்கினவர்கள் மாப்பிள்ளைக்குத் தாய் இல்லையா என்று கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என்னைக் கையைக் காட்டிவிட்டு, நீயே பதில் சொல்லிக்கொள்.

தந்திக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா